இன்க்ளூசிவ் ஆர்ட் கேலரி: இத தமிழ்ல எப்படி சொல்றது?

ஸ்கூல் டீச்சர்களுக்கு "இன்க்ளூசிவ் ஆர்ட் கேலரி ட்ரெய்னிங்"னு நடத்துறாங்கல்ல, அத "உள்ளடக்கிய கலைக்கூடப் பயிற்சி"ன்னு எழுதிட்டுப் போயிடுறோம். தப்பில்ல, ஆனா அத படிக்கிற டீச்சருக்கு அங்க போய் என்ன கத்துக்கப் போறோம்னு ஒன்னும் பிடிபடாது.

கடையில "ஜிஎஸ்டி இன்க்ளூசிவ்"னு போட்டா வரியும் வெலைக்குள்ளயே இருக்குன்னு நமக்குத் தெரியும். லத்தீன்ல 'இன்'னா உள்ள, 'க்ளௌடெரெ'ன்னா மூடுறது, ஆக உள்ள வெச்சு மூடுறதுதான் மூலப் பொருள், வெளிய விட்டு மூடுனா அது எக்ஸ்க்ளூட். கல்வியில இந்தச் சொல் பரவுனதுல 1994ல ஸ்பெயினோட சலமன்கா நகரத்துல நடந்த யுனெஸ்கோ மாநாட்டுல வந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம நாட்டு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவா சொல்லுது: மாற்றுத்திறன் உள்ள பிள்ளைங்களும் இல்லாத பிள்ளைங்களும் ஒன்னா படிக்கணும், கத்துக்குடுக்குற முறை மாற்றுத்திறன் உள்ள பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி மாறணும். அதே சட்டத்துல 29வது பிரிவு கலையும் அவங்களுக்கு எட்டணும்னு சொல்லுது.

தமிழ்நாட்டுல 'உள்ளடக்கிய கல்வி', இலங்கையில 'உட்படுத்தல் கல்வி'. ரெண்டும் நல்லாவே புழங்குது, இருந்தாலும் 'அடக்கு'ங்கற ஓசை எனக்கு உறுத்துது, நான் 'எல்லாருக்குமான'ன்னுதான் எழுதுவேன்.

கேலரி, தேவாலயத்து முன்மண்டபத்தக் குறிச்ச 'கலிலேயா'ங்கற சொல்லுல இருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல கேலரின்னா ஜல்லிக்கட்டு பாக்க ஏறி உக்கார்ற படி, இல்லன்னா போன்ல போட்டோ இருக்குற எடம். கலைக்கூடம், ஓவியக்கூடம் எல்லாம் நல்ல சொல்தான். ஆனா பரிபாடல் 19ஆம் பாட்டுல, திருப்பரங்குன்றத்துல இருந்த ஒரு சித்திர மண்டபத்துக்கு 'எழுத்துநிலை மண்டபம்'னு பேர் வருது பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். எழுத்துன்னா அங்க ஓவியம், இன்னிக்கும் கண்ணுக்கு மை எழுதுறதுன்னு சொல்றோம்ல, அந்த எழுதுறது. அங்க வர்றவங்க இது ரதியா, இது காமனானு கேக்குறாங்க, பக்கத்துல இருக்குறவங்க பதில் சொல்றாங்க, இந்தப் பூனை இந்திரன், இவ அகலிகை, இவன் கௌதமன், அவன் கோவத்துல அவ கல்லானது இப்படித்தான்னு ஒருத்தர் கதையே சொல்றார். "துன்னுநர் சுட்டவும் சுட்டறிவுறுத்தவும்"னு பாட்டு சொல்லுது, கிட்ட வர்றவங்க சுட்டிக் காட்டுறதும், சுட்டினத இன்னொருத்தர் வெளக்குறதும். பார்வை இல்லாதவங்களுக்குப் படத்த வாயால விவரிச்சு சொல்றத ஆடியோ டிஸ்க்ரிப்ஷன்னு இன்னிக்குத் தனியா சொல்லித் தர்றாங்கல்ல, அதோட சாயல் இதுல இருக்கு.

பயிற்சியில டீச்சர்களுக்குக் குடுக்கத் தோதான வேலை ஒன்னு: ஒருத்தர் படத்தப் பாத்து சொல்லணும், படத்துக்கு முதுகு காட்டி உக்காந்திருக்குற இன்னொருத்தர் கேட்டு வரையணும். "அழகா இருக்கு, ஒரு பொண்ணு நிக்கிறா"ன்னு ஆரம்பிச்சா எதிர்ல பென்சில் நகராது. படம் எவ்ளோ பெருசு, எடது ஓரத்துல என்ன, அவ எந்தப் பக்கம் திரும்பியிருக்கா, கையில என்னன்னு வரிசையா வந்தாத்தான் கோடு விழும். அடுத்து, படத்தோட கோட்டு மேல ஃபெவிகால கெட்டியா இழுத்து ராத்திரி முழுக்கக் காயவிட்டா காலையில கோடு மேடா நிக்கும், பார்வை இல்லாத பிள்ளை வெரல் வெச்சு அந்த மூக்கு எங்க முடிஞ்சு உதடு எங்க ஆரம்பிக்குதுன்னு போய்க்கிட்டே இருக்கலாம். பெரிய எடங்கள்லயும் இது நடந்திருக்கு, மாட்ரிட்ல பிராடோ மியூசியம் 2015ல தொட்டு உணர்ற ஓவியங்கள வெச்சது, டெல்லி தேசிய அருங்காட்சியகத்துல 'அனுபவ்'னு தொட்டு உணர்ற கூடமே திறந்தாங்க. சத்தமும் கூட்டமும் ஒத்துக்காத பிள்ளைக்கு அந்த எடத்தோட வாசல், படிக்கட்டு, டாய்லெட் போட்டோவ ரெண்டு நாள் முன்னாடியே காட்டிட்டா போதும், பாதி பயம் போயிடும்.

அப்ப பேரு? 'எல்லாருக்குமான ஓவியக்கூடம், ஆசிரியர் பயிற்சி'ன்னு வெக்கலாம். கண்ணு தெரியாதவங்ககிட்ட "பாக்க வாங்க"ன்னு எப்படி சொல்றதுன்னு தயங்குற டீச்சர்ங்க இருக்காங்க. தயங்கவே வேணாம், தமிழ்ல தொட்டுப் பாப்போம், கேட்டுப் பாப்போம், மோந்து பாப்போம், சொல்லியும் பாப்போம்.