விடுமுறை வேலைக்குப் போகும் பிள்ளையும் வராத கூலியும்

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்த கையோடு பினாங்கில் பிள்ளைகள் வேலை தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை, பட்டர்வொர்த்தில் பேரங்காடி, பிறை தொழிற்பேட்டையில் பொட்டலம் கட்டும் வேலை. நாளெல்லாம் போனும் கையுமாகக் கிடப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று நாமும் அனுப்பிவைக்கிறோம். அது நல்லதுதான். ஆனால் கடைசி மாதக் கூலியை வாங்க முடியாமல் வீடு திரும்பும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. சட்டம் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது என்ற தைரியத்தில்தான் சில முதலாளிகள் ஆடுகிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறார், இளையோர் வேலைச் சட்டம் 1966இல் வந்தது. 350ஆம் சட்டம் என்பார்கள். 15 வயது ஆகி 18 ஆகாத பிள்ளையிடம் நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. பொதுவாக இரவு 8 மணிக்கு மேல் காலை 6 வரை வேலையில் வைத்திருக்கக்கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு தர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் விடுப்பு. கடை பத்து மணிக்குத்தான் சாத்துவோம் என்பது முதலாளியின் பிரச்சினை.

இதில் பிறந்த தேதிதான் கணக்கு. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை ஜனவரியிலேயே 18ஐத் தொட்டுவிட்டால் இந்த நேரக் கட்டுப்பாடு அன்றோடு போய்விடும். கூலி உரிமை போகாது.

கூலி விஷயத்துக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் கடைக்கும் இது பொருந்தும். மணிக்கணக்கில் என்றால் 8 வெள்ளி 72 காசு. வயது குறைவு, அனுபவம் இல்லை, பார்ட் டைம் என்று சொல்லி ஐந்து வெள்ளி, ஆறு வெள்ளி கொடுக்கச் சட்டத்தில் இடம் கிடையாது. 'டிரெய்னி' என்று பெயர் வைத்துக் குறைப்பதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. தொழில் பழகுநர் ஒப்பந்தம் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதமாவது முறையான பயிற்சி தர வேண்டும். இரண்டு மாதம் கல்லாவில் நிற்கவைத்துவிட்டு டிரெய்னி என்றால் செல்லாது.

அப்புறம் பிடித்தம். கல்லாவில் 40 வெள்ளி குறைகிறது, சீருடைக்கு 60 வெள்ளி, சொல்லாமல் வேலையை விட்டு நின்றதற்கு ஒரு மாதச் சம்பளம். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குக் கோடு போட்ட நோட்டுத்தாளில் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிக் கழித்தால் கடைசியில் அவன்தான் கடைக்குப் பணம் தர வேண்டும். கல்லாக் குறைவையும் சீருடையையும் முதலாளி தன் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் கழிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. நோட்டீஸ் பணமும் அப்படித்தான். 18 ஆகாத பிள்ளை வேலை ஒப்பந்தத்தை முறித்தான் என்று அவனிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. 350ஆம் சட்டத்திலேயே இது இருக்கிறது. "ஒரு மாசச் சம்பளம் கட்டு, இல்லன்னா கேஸ் போடுவேன்" என்று மிரட்டினால் பயந்து கையெழுத்துப் போடவேண்டாம்.

இனி தொழிலாளர் இலாகா. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனாலும் அலையவிடுவார்கள். தீவில் வீடு, வேலை பிறையில் என்றால் பெருநிலத்து அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். வேலை செய்த இடம்தான் கணக்கு. இது தெரியாமல் லீவு போட்டுத் தீவு அலுவலகத்துக்குப் போய், கவுண்டரில் ஒரே வரியில் திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோர் எத்தனையோ பேர். அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதிப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு பொறி: புகார் வேறு, பணம் கேட்கும் வழக்கு வேறு. 'ஒர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலியில் புகார் போட்டுவிட்டுப் பணம் வரும் என்று காத்திருக்காதீர்கள். புகாருக்கு அதிகாரி கடையைச் சோதிக்கலாம். சம்பளப் பாக்கி கைக்கு வர வேண்டுமானால் 'துந்துத்தான்', அதாவது பணக் கோரிக்கை, பதிய வேண்டும் என்று கவுண்டரில் தெளிவாகச் சொல்லுங்கள். "முதலாளியிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள்" என்பார்கள். பேசியாயிற்று என்று சொல்லி, பதிவு எண்ணை வாங்காமல் நகராதீர்கள். பிள்ளை தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். அப்பா அம்மா கூடப் போவது துணைக்குத்தான்.

அங்கே கட்டாயம் கேட்பது முதலாளியின் பதிவுப் பெயர். கடைப் பலகையில் இருப்பது ஒன்று, கம்பெனிப் பெயர் வேறொன்றாக இருக்கும். கடை ரசீதைப் பாருங்கள். தலைப்பில் பொடி எழுத்தில் கம்பெனிப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டும் வேலை நேர அட்டவணையை வாராவாரம் போட்டோ எடுக்கட்டும். சம்பளம் பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்க வேண்டாம். நின்ற அன்றே குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

விசாரணைத் தேதிக்கு முதலாளி வராவிட்டால் ஒத்திவைக்கலாம். பிள்ளை வராவிட்டால் வழக்கையே மூடிவிடலாம். அதற்குள் மெட்ரிகுலேஷன், போலிடெக்னிக் என்று வெளியூர் போயிருப்பான். தேதி ஒத்துவராது என்றால் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிவிடுங்கள்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவையும் சொல்லியாக வேண்டும். பார்ட் டைம் பிள்ளைக்கும் சொக்சோ உண்டு. வேலையிடத்தில் அடிபட்டாலும், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தாலும் கேட்கலாம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அவர் பதிந்திருக்காவிட்டால் கோர முடியாது என்று நீங்களே முடிவுகட்டிவிடாமல் நேராகச் சொக்சோ அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் சூப்பர்வைசர், "வீட்டில் விழுந்தேன்னு சொல்லு, செலவைக் கடை பார்த்துக்கும்" என்று காதோடு சொல்வார். அப்படிச் சொன்னால் டாக்டர் அதைத்தான் எழுதுவார், பிறகு அந்தத் தாளை வைத்தே கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்யும்போது அடிபட்டது என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். வழியில் நடந்த விபத்து என்றால் போலீஸ் ரிப்போர்ட், டாக்டர் தரும் விடுப்புச் சான்றான எம்சி இரண்டும் வேண்டும்.