பழவேற்காட்டின் வாசல்

பழவேற்காட்டு மீனவர் ஒருவரிடம் "ஏரி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "முகத்துவாரம் நல்லாருக்கு" என்பார், இல்லையென்றால் "முகத்துவாரம் அடைஞ்சு கெடக்கு" என்பார். ஏரியைக் கேட்டால் வாசலைச் சொல்கிறாரே என்று தோன்றும். ஆனால் அந்த ஊரைப் பொறுத்தவரை கேள்விக்கு அதுதான் சரியான பதில். ஏன் என்று புரிந்துகொள்ள ஊரின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஏரி என்று பெயரே தவிர, இது செம்பரம்பாக்கம் போல மழைநீரைத் தேக்கும் ஏரி இல்லை. கடலின் ஒரு துண்டை மணல் பிரித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது இது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீள்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம்தான் தமிழ்நாட்டில். கடலையும் ஏரியையும் பிரித்து நிற்கும் அந்த நீண்ட மணல் தீவு வேறு எதுவும் இல்லை, ராக்கெட் ஏவுகிற ஸ்ரீஹரிகோட்டாதான்.

கடைசிப் பனியுகம் முடிந்து ஏறிக்கொண்டே வந்த கடல்மட்டம், ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓரளவு நிலைகொண்டது. அதன்பின் அலைகள் கொண்டுவந்த மணல் கரைக்கு இணையாகத் திட்டுத் திட்டாகச் சேர்ந்து, உள்ளே இருந்த கடலைச் சிறைபிடித்தது. ஏரியின் சேற்றுக்கு அடியில் பழைய சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சுண்ணாம்புக்காக அவற்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

தண்ணீர் விரிந்து நிற்கும்போது சுமார் 450 சதுர கிலோமீட்டர், சுருங்கும்போது 250. கேட்கப் பிரமாண்டமாக இருக்கும். ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர்தான். தாம்பாளத்தில் ஊற்றி வெயிலில் வைத்த தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பூநாரைகள் இத்தனை தூரம் நடந்தே மேய முடிவதற்கும், கோடையில் ஏரி சட்டென்று உப்பேறுவதற்கும் காரணம் இந்த ஆழமின்மைதான்.

சரி, வாசலுக்கு வருவோம். பழவேற்காட்டில் பாலம் ஏறி அக்கரைக்கு, லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் கடல் வந்துவிடும். அந்த மணல் கரை ஓர் இடத்தில் அறுந்து, ஏரியும் கடலும் கலக்கின்றன. அதுதான் முகத்துவாரம். அங்கே இரண்டு விசைகள் ஓயாமல் மல்லுக்கு நிற்கின்றன. ஒன்று மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, மற்றொன்று வாரி வெளியே போடுகிறது.

கொட்டுவது அலை. கரையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே விளங்கும். அலை சாய்வாக ஏறுகிறது, நேராக இறங்குகிறது. அதன் கையில் இருக்கும் மணல், ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் கரையோரமாக ஒரு எட்டு நகர்ந்துவிடுகிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் கரையோர நீரோட்டத்தைச் சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவது வன்னி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் நீளம் என்பதால், ஆண்டுக் கணக்கில் தெண்டிதான் ஜெயிக்கிறது. வடக்கே போகும் மணலின் வழியில் முகத்துவாரம் ஒரு பள்ளம். மணல் அதில் விழுந்து, தென்கரையிலிருந்து ஒரு நாக்கு நீள்வதுபோல் வளர்ந்து வாயை அடைக்கப் பார்க்கும்.

வாருவது ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது. ஏற்றத்தில் கடல் உள்ளே வந்து வற்றத்தில் வெளியேறும்போது, அந்த வேகம் மணலை அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏரியில் 100 சதுர கிலோமீட்டர் பரப்பு ஓர் ஓதத்தில் பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 1 கோடி கன மீட்டர் தண்ணீர். ஆறு மணி நேரத்தில் இவ்வளவும் 200 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள வாய் வழியாகப் போக வேண்டும் என்றால் நொடிக்கு ஒரு மீட்டருக்குமேல் வேகம் தேவை. கிட்டத்தட்ட இந்த வேகம் இருந்தால்தான் வாய் தன்னைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளும். இப்போது ஏரியில் வண்டல் சேர்ந்து, உள்ளே வரும் தண்ணீர் பாதியாகிவிட்டது என்று வையுங்கள். வேகமும் பாதி. மணல் தங்கும், வாய் குறுகும், உள்ளே வரும் நீர் இன்னும் குறையும், வேகம் இன்னும் விழும். முகத்துவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட ஆரம்பித்தால் பிறகு மளமளவென்று மூடிக்கொள்வது இதனால்தான்.

மூடியதைத் திறக்க ஆறு வர வேண்டும். தெற்கே ஆரணியாறும் வடக்கில் காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் ஏரியில் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மணல் தடுப்பை உடைத்துக்கொண்டு ஓடும். தை பிறந்த பிறகு ஆறுகள் மெலிந்துவிடும், ஓதம் தனியாகப் போராட வேண்டியதுதான். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. வெள்ளக் காலத்தில் ஏரி கிட்டத்தட்ட நன்னீராகவே மாறிவிடும், வாய் அடைபட்ட கோடையிலோ உப்பு 50 கிராமைத் தாண்டும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்ன உயிர் இந்த வாசலை நம்பி வருகிறது. இறால் முட்டையிடுவது கடலில். பொரித்துப் பல உருவம் மாறி, நூல் துணுக்கு போல, கண்ணாடி மாதிரி உடம்போடு ஒரு சென்டிமீட்டர் குஞ்சாகும்போது அது ஏற்ற நீரில் ஏறி ஏரிக்குள் வருகிறது. எதிர்நீச்சல் போடும் தெம்பு அதற்குக் கிடையாது, நீர் கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. உள்ளே சேற்றிலும் பாசியிலும் சில மாதங்கள் தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போய் முட்டையிடும். மடவை மீனும் நண்டும் இதே வாசலைத்தான் நம்பியிருக்கின்றன. குஞ்சுகள் வரும் வாரங்களில் வாய் அடைபட்டிருந்தால், சில மாதம் கழித்து வலையில் அது தெரியும்.

இனி மக்கள். டச்சுக்காரர்கள் 1609இல் இங்கே வந்து, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். அவர்கள் விட்டுப்போனது கல்லறைகள். ஊரில் நிலைத்தவர்கள் மீனவர்கள், பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் முஸ்லிம் குடும்பங்கள், இருளர்கள். ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டா எடுக்கப்பட்டபோது தீவைவிட்டு வந்தவர்களில் சிலரும் இந்தத் தென்கரையில்தான் சேர்ந்தார்கள். ஆழம் குறையும் இந்த ஏரியைத்தான் மேலும் மேலும் பேர் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த நெருக்கடியைச் சமாளிக்க அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் பாடு. இறால் நன்றாகப் படும் இடங்களை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாடக்குப்பம் ஆகிய ஊர்களின் உரிமைக்காரர்கள் முறை வைத்து மாறி மாறி வலை கட்டுகிறார்கள். இன்று நல்ல இடம் உங்களுக்கு என்றால் அடுத்த முறை எனக்கு. வயிற்றுப்பாடு என்று நாம் சொல்லும்போது வரும் அதே பாடு. எனக்கு மிகப் பிடித்த மீன்பிடிச் சொல் இது. ஆனால் பாட்டில் எல்லோருக்கும் இடம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருளர் பெண்கள் படகும் வலையும் இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். விரல் நுனியில் இறால் துள்ளும் கணத்தில் அமுக்கிப் பிடித்து, கூடையில் போட வேண்டும்.

வாசலுக்குப் புதுச் சிக்கல் தெற்கிலிருந்து வருகிறது. சென்னைத் துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலை மறித்ததால்தான் மெரினா இவ்வளவு அகலமானது, ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. அதற்கும் வடக்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளி. காட்டுப்பள்ளியை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதற்கு இந்த மணல் கணக்கு ஒரு முக்கியக் காரணம். ஏரியைக் கடலிலிருந்து காக்கும் மணல் கரைக்குத் தெற்கிலிருந்து தீனி வர வேண்டும். அது நின்றால் கரை மெலியும்.

முகத்துவாரத்தைத் தூர்வாரி இருபுறமும் கற்சுவர் எழுப்பும் வேலையை அரசு கையில் எடுத்தது. சுவர் ஓட்டத்தை ஒடுக்கி வேகத்தைக் கூட்டும், மணலையும் தள்ளி நிறுத்தும். சிலிகாவில் 2000 செப்டம்பரில் புது வாய் வெட்டியபின் உப்பு சீராகி, மீன்பாடு பல மடங்கு கூடியது. எனவே நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் எந்தச் சுவரும் மணலை ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் பட்டினி போடும். சேர்ந்த மணலை எடுத்து வடக்குக் கரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை கட்டிவிட்டுத் திறப்பு விழாவோடு மறந்துவிடக்கூடிய வேலை இல்லை இது.

அதுவரை ஊர் மழையைப் பார்த்திருக்கிறது. ஆரணியாற்றில் முதல் வெள்ளம் கலங்கலாக இறங்கி, ஏரியின் உப்பு குறைந்ததும், வளர்ந்த இறால்களுக்குச் செய்தி போய்விடும். வற்ற நீரில் கூட்டம் கூட்டமாகக் கடலை நோக்கிக் கிளம்பும். அன்று யாருடைய முறையோ அவர் இருட்டிலேயே வலையைக் கட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார்.