லே-ஆஃப் என்றால் பணிநீக்கமா?

‘மெட்டாவில் 11,000 ஊழியர்கள் பணிநீக்கம்.’ 2022 நவம்பரில் வந்த இந்தத் தலைப்பு இன்றுவரை ஓயவில்லை. நிறுவனத்தின் பெயரும் எண்ணிக்கையும் மாறுகின்றன, பணிநீக்கம் என்ற தப்பான சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆங்கிலச் செய்தியில் வரும் லே-ஆஃப் (layoff) என்ற சொல்லைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். அதன் பழைய பொருள் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த நம் 1947 தொழில் தகராறுச் சட்டமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது: கரண்ட் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, மெஷின் பழுது, அதனால் வேலை தர முடியவில்லை, ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்கும், அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி கிடைக்கும். மில்காரர்கள் இதை லே-ஆஃப் என்றே சொல்கிறார்கள், இருக்கட்டும். ஐடி கம்பெனிகள் செய்வது வேறு, திரும்பக் கூப்பிடும் எண்ணமே இல்லாமல் அனுப்பிவிடுவது. அதற்கு ஆட்குறைப்பு என்ற நல்ல சொல் எப்போதோ வந்துவிட்டது. ஆள் + குறைப்பு, நாட்குறிப்பு மாதிரி.

பணிநீக்கம் தண்டனைச் சொல். லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட அதிகாரியை முதலில் பணியிடை நீக்கம் செய்வார்கள், விசாரணையில் குற்றம் உறுதியானால் பணிநீக்கம். ஆட்குறைப்பு எது என்று வரையறுக்கும்போது அதே 1947 சட்டம் ‘ஒழுங்கு நடவடிக்கையாகத் தரும் தண்டனை நீங்கலாக’ என்று தெளிவாகவே பிரித்துவைத்திருந்தது. சட்டம் பிரித்ததை மொழிபெயர்ப்பாளர் ஏன் ஒன்றாக்க வேண்டும்? லாபக் கணக்குக்காக முதலாளி எடுத்த முடிவு, வேலை போனவர் ஏதோ தப்பு செய்த மாதிரி ஊருக்குப் போய்ச் சேர்கிறது.

இதில் பணமும் இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால், ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். இதிலிருந்து தப்பிக்க, எச்.ஆர். அறைக்குள் கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும்” என்கிறார்கள். பணிநீக்கம் என்ற பெயருக்குப் பயந்தே கையெழுத்துப் போடுகிறார்கள், அப்புறம் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது கஷ்டமாகிவிடுகிறது.

வேலையிழப்பு என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்த மாதிரி இருக்கிறது, அனுப்பியவர் யாரென்றே தெரியாது. மறுசீரமைப்பு இன்னும் மோசம், அது கம்பெனி மெயிலில் வருகிற சொல், அதை அப்படியே செய்தியாக்குவது முதலாளி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதுதான். தலைப்பில் இடமில்லை என்ற சாக்கும் செல்லாது: ஆட்குறைப்பு, பணிநீக்கம் இரண்டுக்குமே ஆறு எழுத்துதான்.