இன்ஜின் வாங்குவதற்கு முன் ஸ்டீயரிங் ரேக்கைப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஹோண்டாவின் பழைய ஈகே ரக சிவிக் கார் ஒன்று, சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு டோ டிரக்கில் வந்தது. காரின் சொந்தக்காரத் தம்பிக்கு 26 வயதுதான் இருக்கும். முகம் வெளுத்துப் போயிருந்தது. குடியிருப்பு புளோக்கை ஒட்டியுள்ள பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மூன்றாவது மாடிக்கு ஏறும் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கிறார். ஸ்டீயரிங் சுழன்றது, சக்கரம் திரும்பவில்லை. மெதுவாக ஏறிக்கொண்டிருந்ததால் பம்பர் சுவரில் உரசியதோடு போயிற்று. “அண்ணே, இதுவே பிஐஇ எக்ஸ்பிரஸ்வேயில் நடந்திருந்தா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அந்தக் கார் அப்போதுதான் வேறோர் இடத்தில் இன்ஜின் மாற்றம் முடிந்து வெளியே வந்திருந்தது. பழைய 1.5 லிட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு ஹோண்டாவின் 2 லிட்டர் கே20ஏ போட்டிருந்தார்கள். இன்ஜின் வேலை மோசம் என்று சொல்ல முடியாது, ஒயரிங்கூட சுத்தமாகத்தான் இருந்தது. பிரச்சினை அதற்குக் கீழே, யாரும் போட்டோ எடுத்துப் போடாத இடத்தில் இருந்தது.

ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கும் தண்டின் அடிமுனையில் ஒரு சிறிய யூ-ஜாயின்ட், அதாவது மடங்கும் இணைப்பு, இருக்கும். அது ரேக்கின் பினியன் தண்டின் மேல் உட்காரும். ஸ்டீயரிங் சுழல்வதை இட வல அசைவாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்புவதுதான் ரேக்; அதற்குள் போகும் தண்டுதான் பினியன். அந்தத் தண்டில் சுற்றிலும் பற்கள், அவற்றுக்குக் குறுக்கே ஒரு பள்ளம். ஜாயின்ட்டை இறுக்கும் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போக வேண்டும். அப்படிப் போனால் போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் ஜாயின்ட் கழன்று மேலே வராது. இந்தக் காரில் ஜாயின்ட் தண்டின் நுனியில்தான் பிடித்திருந்தது, போல்ட் பள்ளத்துக்குள் போகவே இல்லை. வெறும் இறுக்கத்தில் சில வாரம் ஓடியிருக்கிறது.

ஜாயின்ட் ஏன் முழுதாக இறங்கவில்லை? ரேக் அதற்குரிய சப்ஃபிரேமில், அதாவது இன்ஜினுக்கு அடியில் பாடியோடு போல்ட் ஆகும் சட்டத்தில், இல்லை என்பதுதான் காரணம்.

ஈகே சிவிக்கில் கே20ஏ போன்ற கே வரிசை இன்ஜின் போடும்போது, பின்பக்கம் இடம் வேண்டும் என்று ஹோண்டாவின் வேறு கார்களான ஈஜி சிவிக் அல்லது டிசி2 இன்டெக்ராவின் சப்ஃபிரேமை மாட்டுவது பலரும் செய்கிற வேலை. பாடியில் போல்ட் ஆகிவிடும். ஆனால் ரேக் உட்காரும் இடம் ஈகேயில் ஒரு மாதிரி, ஈஜியிலும் டிசி2-விலும் வேறு மாதிரி. அந்த சப்ஃபிரேமை எடுத்தால் அதற்குரிய ரேக்கையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இவர்கள் செலவு மிச்சம் என்று பழைய ஈகே ரேக்கையே வைத்து, பிராக்கெட் ஓட்டையைப் பெரிதாக்கி, வாஷர் அடுக்கி இறுக்கியிருந்தார்கள். ரேக் சில மில்லிமீட்டர் இடம் மாறிவிட்டது.

அந்தச் சில மில்லிமீட்டரில் ஜாயின்ட் மட்டும் கெடுவதில்லை. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க்கை ஒரு வட்டப் பாதையில் போகும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் இன்னொரு பாதையில் போகும். இரண்டும் ஒத்துப்போகும்படிதான் ரேக்கின் உயரத்தைத் தொழிற்சாலையில் வைத்திருக்கிறார்கள். ரேக் மேலேயோ கீழேயோ நகர்ந்தால், சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் தானாகவே கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். அலைன்மென்ட் கருவியில் கார் அசையாமல் நிற்கும்போது எண் எல்லாம் சரியாகத்தான் காட்டும். சாலையில் ஸ்பீடு பம்ப் ஏறும்போதுதான் கையில் தெரியும். “அலைன்மென்ட் மூணு தடவை பண்ணிட்டேன், இன்னும் இழுக்குது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது ரேக்கின் பிராக்கெட்டைத்தான்.

அடுத்தது, நம் ஊரில் பலர் மறந்துவிடும் விஷயம். இணையத்தில் நீங்கள் பார்க்கும் கே-ஸ்வாப் (கே இன்ஜின் மாற்றும்) வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். ஹோண்டாவின் பழைய டி, பி வரிசை இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்து இருக்கும். கே வரிசையில் அது பின்பக்கம், இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலைப் பார்த்து இருக்கும். அதோடு கே இன்ஜினுக்கு கியர்பாக்ஸ் காரின் இடப்பக்கம், இன்ஜின் பிளாக் வலப்பக்கம். இப்போது யோசித்துப் பாருங்கள். அமெரிக்கக் காரில் ஸ்டீயரிங் தண்டு கியர்பாக்ஸ் பக்கமாக இறங்குகிறது, அதனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு இடம் கிடைக்கிறது. நம் காரில் தண்டு இறங்குவதும் எக்ஸாஸ்ட் குழாய்கள் இறங்குவதும் ஏறக்குறைய ஒரே இடம். இடப்பக்க ஸ்டீயரிங்குக்குச் செய்த ஹெடரை, அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதில் போடும் குழாய்த் தொகுதியை, வாங்கினால் ஜாயின்ட்டில் இடிக்கும், இல்லை ரேக்கை மூடும் ரப்பர் உறையை (பூட்) வறுத்துவிடும். வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு என்றே ஹெடர் செய்து விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தத் தம்பியின் காரிலும் ஹெடர் இடித்திருக்கிறது. அதற்காக ஜாயின்ட்டை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். ரேக் நகர்ந்ததோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

ரப்பர் பூட் பற்றி ஒரு வார்த்தை. நம் வெயிலில், நெரிசலில் நின்று நின்று போகும் காரில், எக்ஸாஸ்ட் அருகில் இருக்கும் பூட் சீக்கிரம் விறைத்து வெடித்துவிடும். உள்ளே தண்ணீர் போனால் ரேக்குக்கு ஆயுள் குறைவு. நடுவில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வைப்பது பெரிய செலவில்லை.

பவர் ஸ்டீயரிங்கை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு ஒரே கருத்துதான்: தினமும் ஓட்டும் கார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பவர் ரேக்கின் பல் விகிதம் வேகமானது, பம்ப் உதவும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. பம்பை எடுத்துவிட்டு அதே ரேக்கில் ஓட்டினால் கார் நிறுத்துமிடத்தில் தோள் வலிக்கும். சிலர் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். உள்ளே பிஸ்டன் சீல் அப்படியே இருக்கும், ஒவ்வொரு திருப்பலிலும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருக்கும். வால்வுக்குள் இருக்கும் முறுக்குத் தண்டு நெகிழ்ந்து நடுவில் கொஞ்சம் ஆட்டமும் வரும். செப்பாங் பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் காருக்கு பவர் வேண்டாம் என்றால், அதே சப்ஃபிரேம் குடும்பத்தின் மேனுவல் ரேக்கைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ரேக்கை முழுதாகப் பிரித்து, சீலை எடுத்து, வால்வைப் பூட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஜொகூரிலிருந்து ஹாஃப்கட் (இன்ஜினோடு வெட்டி விற்கும் காரின் முன்பாதி) வாங்குபவர்களுக்கும் சொல்ல வேண்டும். இன்ஜினின் கம்ப்ரஷன் பார்க்கிறீர்கள், சப்ஃபிரேமை யாரும் அளப்பதில்லை. அது விபத்தில் அடிபட்ட காராகவும் இருக்கலாம். டேப்பை எடுத்து மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் அந்த சப்ஃபிரேம் வேண்டாம். கீழ்க்கை மாட்டும் ஓட்டை நீள்வட்டமாகியிருக்கிறதா, வெல்டிங் ஓரத்தில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரேக்கைக் கையால் முழு இடம், முழு வலம் தள்ளிப் பாருங்கள், எங்காவது சிக்கினால் விட்டுவிடுங்கள். ஸ்டீயரிங் தண்டை நீளமாக்க வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. இங்கே இன்ஜினை மாற்ற அவர்களின் ஒப்புதல் வேண்டும். அந்தத் தம்பி கேட்கவில்லை, “வேலை முடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு சொன்னாங்க” என்றார். 10 வயதைத் தாண்டிய கார் ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓடும் ஈகே எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். சாலை வரியும் இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,493 சிசி எங்கே, 1,998 சிசி எங்கே. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லியாக வேண்டும். இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே இன்ஜினுக்கு முன்பணம் கொடுங்கள்.

அந்தக் காரை நாங்கள் ஓடவைத்துக் கொடுக்கவில்லை. கே20ஏ இறங்கி, துணி போர்த்தி ஓரமாக நிற்கிறது. பழைய இன்ஜினை அவர் விற்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஈகேயின் சொந்த சப்ஃபிரேம், ஓட்டை கெடாத ஒரு ரேக், புது யூ-ஜாயின்ட் போட்டு அதையே திரும்ப ஏற்றினோம். போல்ட் பள்ளத்தில் போவதை அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணே, நானே இறுக்கட்டுமா?” என்றார். டார்க் ரெஞ்சை அவர் கையில் கொடுத்தேன்.