மழையை எண்ணிச் செலவு செய்யும் ஊர்

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். மழைக் கணக்குக்கு இந்த ஒரு வாய்ப்பாடு போதும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,000 லிட்டர் வந்துவிட்டது என்று அர்த்தம். இதே கணக்கை ஊர் முழுமைக்கும் போட்டு, கிராமசபையில் எல்லோர் முன்னாலும் வைத்து, இந்த வருஷம் என்ன பயிர் வைக்கலாம் என்று முடிவெடுக்கும் கிராமம் ஒன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அகமதுநகர் மாவட்டத்து ஹிவரே பாஜார். மாவட்டத்தின் பெயர் இப்போது அகில்யாநகர்.

அது மழைமறைவுப் பிரதேசம். அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று சஹ்யாத்ரி மலையின் (மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி) மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிடும். மலை தாண்டி ஹிவரே பாஜாருக்கு வந்து சேருவது ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் அளவுதான், பல வருஷங்களில் அதுவும் இல்லை. 1972இல் மகாராஷ்டிரத்தை உலுக்கிய பஞ்சத்துக்குப் பிறகு ஊர் நிமிரவே இல்லை. மரங்கள் விறகாகப் போயின, குன்றுகள் மொட்டையாயின, குடும்பங்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போயின. அரசு ஊழியர்களைத் தண்டனையாக மாற்றி அனுப்பும் ஊர் என்று பேரெடுத்திருந்தது.

1990 வாக்கில் போபட்ராவ் பவார் என்ற படித்த இளைஞரை ஊரார் சர்பஞ்ச் ஆக்கினார்கள். நம் ஊர் ஊராட்சித் தலைவர் பதவிதான் அது. அதே மாவட்டத்து ராலேகண் சித்தி என்ற ஊரில் நடந்த நீர்ப்பணிகள் முன்மாதிரியாக இருந்தன. மாநில அரசின் வேலை உறுதித் திட்டத்தில் கூலிக்குப் பணம் வந்தது. கூலி வாங்காமல் சிரமதானமாகவும் ஊரார் மண் வெட்டினார்கள். வேலையைக் குன்றின் உச்சியில் தொடங்கினார்கள். நீர்ப்பிடிப்புப் பணியின் முதல் விதியே அதுதான்.

ஏன் உச்சியில்? மொட்டைச் சரிவில் விழும் மழைநீர் இறங்க இறங்க வேகம் பிடிக்கும். வேகம் கூடினால் அது இழுத்துப் போகும் மண்ணும் பல மடங்கு கூடும். கீழே எவ்வளவு நல்ல தடுப்பணை கட்டினாலும் சில மழைக்காலங்களில் வண்டல் மூடி அது மேடாகிவிடும். அதனால் தண்ணீர் ஓடத் தொடங்கும் இடத்திலேயே அதை நிறுத்தியாக வேண்டும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை இணைத்து நீளமாக வாய்க்கால்போலக் குழி வெட்டுகிறார்கள். இதைச் சமமட்ட அகழி என்பார்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கக் கரையாகப் போட்டு அதில் மரம் நட வேண்டும். மட்டம் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம். ஒரு முனை கொஞ்சம் தாழ்ந்தாலும் அத்தனை தண்ணீரும் அங்கே திரண்டு கரையை உடைத்துக்கொண்டு போகும். கொத்தனார் டியூபில் தண்ணீர் அடைத்து மட்டம் பார்ப்பாரே, அந்த வித்தையே இதற்குப் போதும்.

சரி, நின்ற தண்ணீர் எங்கே போகிறது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்தப் பகுதியின் பாறை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பு. தக்காணப் பீடபூமியின் பசால்ட். மணல் படுகைபோல இது தண்ணீரைத் தாராளமாக வாங்கி வைக்காது. விரிசல்களிலும், சிதைந்து இளகிய அடுக்குகளிலும்தான் இடம். 100 லிட்டர் கன அளவுள்ள பாறையிலிருந்து நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1 முதல் 3 லிட்டர்தான்.

இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பாறையில் இடம் 2 விழுக்காடு என்றால், வெறும் 20 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினாலே கிணற்று மட்டம் 1 மீட்டர் ஏறிவிடும். பார்ப்பவருக்கு ‘அடேயப்பா, கிணறு நிறைந்துவிட்டது’ என்று தோன்றும். உண்மையில் சேர்ந்தது கொஞ்சம்தான். ஏறிய அதே வேகத்தில் அது இறங்கவும் செய்யும். ஏரியில் தண்ணீர் குறைவதை ஊரே பார்க்கிறது. பாறைக்குள் குறைவதை யாரும் பார்ப்பதில்லை. போதாததற்கு, 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி நிலத்தடி நீரை எடுக்கும் உரிமை நிலத்துக்காரருக்கு. ஒரே விரிசலில் பத்துக் கிணறுகள் நின்றாலும் ஒவ்வொருவரும் ‘என் கிணறு, என் மோட்டார்’ என்றுதான் நினைப்பார்.

இப்போது ஊர்க் கணக்கைப் போடுவோம். ஹிவரே பாஜாரின் பரப்பு ஏறத்தாழ 976 ஹெக்டேர். 400 மில்லிமீட்டர் மழை பெய்தால் மொத்தம் 390 கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் இதில் பெரும்பகுதி ஆவியாகவும் செடிகொடிகள் வழியாகவும் காற்றுக்கே போய்விடும். இத்தகைய பாறையில் நிலத்தடிக்கு இறங்குவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 39 கோடி லிட்டர்.

குடிக்க, புழங்க எவ்வளவு வேண்டும்? ஊரில் 1,250 பேர், ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு 2.5 கோடி லிட்டர். 39 கோடியில் அது ஒரு மூலை. அப்புறம் ஏன் குடிநீர்ப் பஞ்சம் வருகிறது? ஒரு ஹெக்டேர் கரும்பைப் பாருங்கள். பயிர்க்காலம் முழுக்க 2,000 மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் கேட்கும். மழை 400 கொடுத்தாலும் மீதி 1,600 கிணற்றிலிருந்து வர வேண்டும். அதாவது 1.6 கோடி லிட்டர். இரண்டே ஹெக்டேர் கரும்பு, மொத்த ஊரும் ஒரு வருஷம் குடித்துக் குளிக்கும் தண்ணீரைவிட அதிகமாக இழுத்துவிடும். 25 ஹெக்டேர் வைத்தால் அந்த 39 கோடியும் காலி. இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது எங்கோ ஒரு பூஜ்யம் கூடிவிட்டதோ என்று மறுபடி சரிபார்த்தேன். கூடவில்லை.

ஹிவரே பாஜார் கரும்பையும் வாழையையும் விலக்கியதற்கு இதுதான் காரணம். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடவும் தடை, திறந்தவெளிக் கிணறுகள் மட்டுமே. இந்தத் தடையை நான் அகழிகளைவிடப் பெரிய சாதனையாக மதிக்கிறேன். திறந்த கிணறு மேலடுக்கு நீரைத்தான் எடுக்கும், வற்றினால் கண்ணுக்குத் தெரியும். ஆழ்துளைக் கிணறு, பல ஆண்டுகளாகக் கசிந்து ஆழத்தில் தங்கிய நீரை ஒரே கோடையில் உறிஞ்சிவிடும். அந்தச் சேமிப்பு இருந்தால்தான் அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தாலும் ஊர் தாங்கும்.

குன்றில் ஆடுமாடுகளைக் கண்டபடி மேய விடுவதையும் மரம் வெட்டுவதையும் நிறுத்தினார்கள். புல்லை அறுத்துக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். வேர் பிடித்த புல் மண்ணைப் பிடித்துக்கொண்டது, மாட்டுக்கும் தீனி ஆனது. 1990களின் நடுவில் நாளுக்கு 150 லிட்டராக இருந்த பால், பின்னர் 4,000 லிட்டர் அளவுக்கு உயர்ந்தது.

2000களின் தொடக்கத்திலிருந்து நீர்த் தணிக்கையும் நடக்கிறது. மழைமானியில் பெய்த மழையைக் குறிக்கிறார்கள், குறிப்பிட்ட கிணறுகளில் மட்டம் அளக்கிறார்கள். பருவமழை முடிந்ததும் வரவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். குடிநீருக்கும் கால்நடைக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்குத் தக்கபடி ராபிப் பருவப் (மழைக்காலம் முடிந்து விதைக்கும் குளிர்காலப்) பயிரைக் கிராமசபை பேசி முடிவு செய்கிறது. மழை குறைந்த வருஷத்தில் கோதுமையைக் குறைத்துக்கொண்டு, குறைந்த நீரில் விளையும் கொண்டைக்கடலை போன்றவற்றுக்குப் போக வேண்டியதுதான்.

வேறு பல இடங்களில் அகழியும் தடுப்பணையும் வந்தன, இந்தப் பேச்சு மட்டும் வரவில்லை. நீர்மட்டம் ஏறியதைப் பார்த்ததும் புதுப் புது போர்வெல்கள் இறங்கின, சேர்ந்தது அத்தனையும் போனது. மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டைகளைக் கிணற்று நீரால் நிரப்பி வைப்பதும் பரவியிருக்கிறது. ஊருக்குப் பொதுவாகப் பாறைக்குள் பத்திரமாக இருந்த தண்ணீர், ஒருவர் தோட்டத்துக்கு வந்து வெயிலில் ஆவியாகிறது. இதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

போபட்ராவ் பவாருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மாநிலத்தின் முன்மாதிரிக் கிராமத் திட்டத்துக்கும் அவர் பொறுப்பேற்று இந்த முறையை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோக உழைத்திருக்கிறார். அப்படிப் பரவுவது அவசியம். கிராமசபையின் எல்லை வருவாய்த்துறை வரைபடத்தில் இருக்கிறது. பாறை விரிசலின் எல்லை அங்கே இல்லை. பக்கத்து ஊரில் 500 அடி ஆழத்துக்கு ஒரு போர்வெல் இறங்கினால், அது எந்த ஊர்க் கணக்கிலிருந்து எடுக்கிறது என்று சொல்ல இரண்டு ஊரின் கிணறுகளிலும் ஒரே நாளில் மட்டம் அளந்திருக்க வேண்டும்.