அழுத்தினால் ஒரு சுரம், இழுத்தால் இன்னொன்று: ஜோ கூலியின் அக்கார்டியன்

அயர்லாந்து மரபிசைக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாசிப்பவர் பொத்தானை விடவே இல்லை. துருத்தி திரும்பியதும் சுரம் மாறிவிடுகிறது. இது எப்படி?"

அருமையான கேள்வி. இதற்கான விடையை ஜோ கூலி என்ற அக்கார்டியன் கலைஞரின் வாசிப்பில் காதாலேயே கேட்டுவிடலாம். 1924இல் கால்வே மாவட்டத்தின் தென்பகுதியில், பீட்டர்ஸ்வெல் என்ற சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் இருவருமே மெலோடியன் வாசித்தவர்கள். அக்கார்டியனுக்கு மூத்த, ஒற்றை வரிசைப் பொத்தான்கள் கொண்ட கருவி அது.

முதலில் ஒலி பிறக்கும் இடம். ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு ரீடு பழக்கமானதுதான். ஓர் உலோகத் தகடு, அதில் நீளவாக்கில் ஒரு துளை, துளையின் மேல் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட எஃகு நாக்கு. காற்று நாக்கைத் துளைக்குள் தள்ளும்போது வழி அடைபடுகிறது. எஃகின் விறைப்பு நாக்கைத் திருப்பி அனுப்ப, வழி மறுபடி திறக்கிறது. இது வினாடிக்கு 440 முறை நடந்தால் அந்த எண்ணிக்கைக்குரிய சுரம் கேட்கும். ஊஞ்சலை அது போகும் திசையிலேயே சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, நகரும் காற்றின் நிலைமம் ஒவ்வொரு சுற்றிலும் நாக்குக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் துருத்தி நகரும்வரை ஒலி ஓய்வதில்லை. சுரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் நாக்கின் நீளமும் தடிமனும்தான். நுனியில் சிறிது அராவினால் சுரம் ஏறும், அடியில் அராவினால் இறங்கும்.

வாசகரின் கேள்விக்கு விடை இனிமேல்தான். நாக்கு தகட்டின் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தால்தான் அது பாடும். எதிர்ப்பக்கக் காற்று நாக்கைத் துளையிலிருந்து விலக்கிவிடும். வழி அகலத் திறந்து, காற்று வீணாகும். ஆகவே ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு துளைகள் வெட்டி, ஒரு நாக்கை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் பொருத்துகிறார்கள். பாடாத துளையை மெல்லிய தோல் பட்டை மூடிக்கொள்ளும். ஆர்மோனியத்தில் காற்று எப்போதும் ஒரே திசையில்தான் ரீடுகளைக் கடக்கிறது, அதனால் அங்கே இந்தத் தேவை இல்லை. பியானோ அக்கார்டியனில் இரு நாக்குகளும் ஒரே சுரம். அயர்லாந்தின் பொத்தான் அக்கார்டியனிலோ அவை இரண்டும் வெவ்வேறு சுரங்கள். ஒரே பொத்தான், துருத்தியை அழுத்தும்போது ஒரு நாக்கு, இழுக்கும்போது மற்றது.

எந்தச் சுரம் எந்தத் திசையில் என்பதில்தான் எனக்குத் தீராத வியப்பு. நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வரிசைக் கருவியில் துருத்தியை அழுத்தினால் ச, க, ப. இழுத்தால் ரி, ம, த, நி. ஆரோகணம் வாசித்துப் பார்ப்போம்: ச அழுத்து, ரி இழு, க அழுத்து, ம இழு, ப அழுத்து, த இழு, நி இழு, மேல் ச அழுத்து. எட்டுச் சுரங்களுக்குள் துருத்தி ஆறு முறை திரும்பிவிட்டது!

ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளழுத்தம் ஒரு கணம் சுழியைத் தொடும். பாடிக்கொண்டிருந்த நாக்கு அடங்கி, எதிர்ப்பக்க நாக்கு புதிதாகப் பேச வேண்டும். அந்த நுண்ணிய இடைவெளியும் அடுத்து வரும் புது வீச்சும் சேர்ந்து சுரத்துக்கு ஓர் அழுத்தம் கொடுக்கின்றன. ரீல் வகை நடன இசையில் வினாடிக்கு ஏழெட்டுச் சுரங்கள் ஓடும். அதில் இத்தனை திருப்பங்கள் இருந்தால் கருவியே தாளமும் போடத் தொடங்கிவிடும். ஜோவின் வாசிப்பு இதுதான். பெரும்பாலும் ஒரே வரிசையில் நின்று, திருப்பங்களை மறைக்காமல், அவற்றின் மேலேயே ஏறிச் சவாரி செய்தார். ஆடுகிறவர்களின் கால்கள் தானாக எழும்.

ஆட்டத்துக்கு வாசிப்பது அன்று பெரிய வேலை. அயர்லாந்தில் 1935இல் வந்த நடனக்கூடச் சட்டம் உரிமம் இல்லாத ஆட்டங்களை முடக்கியது. வீட்டு அடுப்படியில் நடந்த ஆட்டம் மண்டபத்துக்குப் போனது. மண்டபத்தை நிறைக்கக் குழு வேண்டும், ஓங்கி ஒலிக்கும் கருவி வேண்டும். 1946இல் கிளேர் மாவட்டத்தில் தொடங்கிய டல்லா கெய்லி (நடன இசை) குழுவின் தொடக்கக் காலக் கலைஞர்களில் ஜோவும் ஒருவர். 1954இல் அமெரிக்கா போனார். நியூயார்க், சிகாகோ என்று இருந்துவிட்டு, கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் நிலைத்தார்.

அதே காலத்தில் டிப்பரேரி மாவட்டத்தின் பேடி ஓ'பிரையன் (1922–1991) வேறொரு பாதையை நிலைநாட்டினார். அவர் வாசித்தது பி/சி கருவி. அரைச்சுர இடைவெளியில் அமைந்த இரண்டு வரிசைகள், ஒன்று பி சுருதி, மற்றது சி. டி-யை ஆதாரமாக வைத்து அதே ஆரோகணத்தை இதில் வாசித்தால்: ச இழு, ரி க ம மூன்றும் அழுத்து, ப த நி ச நான்கும் இழு. ஆறு திருப்பங்கள் இரண்டாகிவிட்டன! விரல்கள் வரிசை மாறி மாறி ஓட, துருத்தி நிதானமாக நகர்கிறது.

இதனால் ஒரு புதிய கதவும் திறந்தது. ரோல் என்று ஓர் அலங்காரம் உண்டு: க‑ம‑க‑ரி‑க. ஃபிடிலுக்கும் குழலுக்கும் இயல்பானது. ஒற்றை வரிசையில் க அழுத்தலில், ம, ரி இரண்டும் இழுப்பில். கண்ணிமைக்கும் நேரத்தில் துருத்தியை நான்கு முறை திருப்ப வேண்டும், அது நடக்காது. பி/சி-யிலோ மூன்றும் ஒரே அழுத்தலில் இருக்கின்றன. 1950களில் வந்த பேடியின் இசைத்தட்டுகளைக் கேட்ட ஒரு தலைமுறையே பி/சி-க்கு மாறியது. கால்வேயின் ஜோ பர்க் அந்த வழியில் புகழ் பெற்றவர்.

எது உயர்ந்தது என்ற வாதம் அக்கார்டியன்காரர்களிடையே இன்னும் ஓயவில்லை. பி/சி வழுக்கிக்கொண்டு போகும் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் மனம் சாய்வது ஜோ கூலியின் பக்கமே. கருவியின் கட்டுப்பாட்டை எதிர்த்துப் போராடாமல், அதையே அழகாக்கிய வாசிப்பு அது.

இடையில் ஓர் ஆதங்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள கோ கல்லூரியில் ஜேம்ஸ் காட்டிங்காம் என்ற இயற்பியலாளர், இளநிலை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் இந்த ரீடுகளை ஆராய்ந்தார். பெரிய துகள்முடுக்கி எதுவும் இதற்குத் தேவைப்படாது. நம் ஊரில் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே ஒதுக்கி வைத்திருந்தது. கச்சேரி மேடை மதிக்காத கருவியை ஆய்வுக்கூடமும் மதிப்பதில்லை. நாடகக் கொட்டகையில் தலைமுறைகளாக ஒலித்த ஆர்மோனியத்தின் ரீடுகளைப் பற்றி ஆய்வு செய்ய ஒரு கல்லூரி மாணவர் நிதி கேட்டால் தயங்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஜோ கூலி 1972இல் நாடு திரும்பினார். அதற்குள் நுரையீரல் புற்றுநோய் பிடித்திருந்தது. அவரைக் குருவாகக் கொண்டாடிய டோனி மக்மஹோன், 1973 நவம்பரில் பீட்டர்ஸ்வெல் மதுவிடுதி ஒன்றில் அவருடைய வாசிப்பைப் பதிவு செய்தார். சகோதரர் ஜாக், பௌரான் என்ற கைப்பறை வாசித்தார். அடுத்த மாதமே ஜோ இறந்துவிட்டார். அந்தப் பதிவுகளைச் சேர்த்து கேல் லின் நிறுவனம் 1975இல் இசைத்தட்டு வெளியிட்டது. மெட்டைப் பின்தொடராமல் திருப்பங்களை மட்டும் எண்ணிக்கொண்டு அதை ஒருமுறை கேளுங்கள். பிறகு கார்க் மாவட்டத்தின் ஜாக்கி டேலியைக் கேளுங்கள். அவருடைய சி ஷார்ப்/டி கருவியில் டி வரிசை ஜோ பாணியின் அழுத்து‑இழுப்பைத் தருகிறது, விடுபட்ட அரைச்சுரங்களுக்கு மட்டும் பக்கத்து வரிசை உதவிக்கு வருகிறது.