எச்.ஐ.வி மருந்து எடுப்பவரின் கழுத்தில் கட்டி வந்தால்

மருந்தை ஒழுங்காக எடுத்து, உடம்பு தேறி, எடையும் கூடிவருகிற நேரத்தில் ஏன் புற்றுநோய் வரவேண்டும்? எச்.ஐ.வி உள்ள ஒருவரிடம் "உங்களுக்கு இருப்பது ஹொட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோய்" என்று சொன்னால் அநேகமாக முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் விசித்திரமானது.

தோலில் திட்டுகளாக வரும் கபோசி சார்கோமா போன்ற புற்றுநோய்கள் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போகும்போது வருபவை. 1996 அளவில் கூட்டு மருந்துகள் புழக்கத்துக்கு வந்த பிறகு அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. ஹொட்ஜ்கின் அப்படிக் குறையவில்லை. இந்தப் புற்றுநோயின் ரீட்-ஸ்டேர்ன்பேர்க் கலங்களுக்குத் தனியே வாழத் தெரியாது. சுற்றிவரச் சிடி4 கலங்களை (எதிர்ப்புச் சக்தியை நடத்தும் வெள்ளணுக்கள், எச்.ஐ.வி அழிப்பதும் இவற்றைத்தான்) கூட்டிவைத்து, அவை தரும் சைகைகளில்தான் வளரும். சிடி4 ஒரேயடியாக வற்றிப்போன உடம்பில் அதற்குக் கூட்டாளி கிடைப்பதில்லை. ஓரளவு மிஞ்சியிருக்கும்போதும், மருந்து தொடங்கி எண்ணிக்கை ஏறும் முதல் சில மாதங்களிலும்தான் அதிகமாகத் தலைகாட்டுகிறது. இதோடு எப்ஸ்டைன்-பார் வைரஸும் சேர்ந்துகொள்கிறது. நம்மில் அநேகமானோருக்கு அது சிறுவயதிலேயே தொற்றி, சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும். எச்.ஐ.வி உள்ளவர்களின் ஹொட்ஜ்கின் கட்டிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த வைரஸைக் காணலாம்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ மருந்தாலதானே வந்தது" என்று மாத்திரையை நிறுத்த நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எச்.ஐ.வி மருந்தைத் தொடர்பவர்கள்தான் இந்தப் புற்றுநோயிலிருந்தும் நன்றாக மீள்கிறார்கள். மற்றவர்களைவிட எச்.ஐ.வி உள்ளவருக்கு இது வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு. பெரிய கணக்காகத் தெரியும். ஆனால் நோயே அரிது என்பதால், பத்தால் பெருக்கினாலும் பெரும்பாலானோருக்கு இது வரப்போவதில்லை.

வருகிறவர்களுக்கு எப்படி வருகிறது என்பதுதான் நம் ஊரில் சிக்கல். கழுத்திலோ கக்கத்திலோ நோவில்லாத கட்டி. விட்டு விட்டுக் காய்ச்சல். இரவில் தலையணையும் சாரமும் நனைகிற வியர்வை. எடை இறங்கும். சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "நெறி கட்டியிருக்கு" என்பார்கள் வீட்டில். பனடோல், பிறகு பார்மசியில் வாங்கிய அன்டிபயோட்டிக், பிறகு ஓதிய தண்ணீர், கையில் ஒரு நூல். நூல் கட்டுவதை நான் குறை சொல்லவில்லை, மனதுக்குத் தெம்பு வேண்டும்தான். ஆனால் மூன்று, நான்கு வாரம் கடந்தும் கரையாத கட்டியை வெட்டிப் பார்க்காமல் விடக்கூடாது.

ஆஸ்பத்திரிக்கு வந்தால் அடுத்த சந்தேகம் காசநோய். அதுவும் சரிதான். காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு, கழுத்துக் கட்டி எல்லாம் காசநோய்க்கும் அச்சொட்டாகப் பொருந்தும், எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு அது வருவதும் அதிகம். ஊசியால் குத்தி எடுக்கும் சிறு மாதிரியில் ஹொட்ஜ்கின் பல நேரம் பிடிபடாது. கட்டி முழுக்கப் பரவிக் கிடப்பவை சாதாரண அழற்சிக் கலங்கள். புற்றுநோய்க் கலங்கள் அவற்றுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றுதான். காசநோயில் காணும் கலத்திரள்கள் சில நேரம் ஹொட்ஜ்கின் கட்டியிலும் இருந்து ஆளை ஏமாற்றும். அதனால் ஒரு கட்டியை முழுதாக வெட்டி எடுத்து அனுப்புவதே சரியான பரிசோதனை. காசநோய் மருந்து தொடங்கியும் கட்டி வற்றவில்லையென்றால், "இன்னொருக்கா பயோப்சி செய்து பார்க்கலாமா டொக்டர்?" என்று நீங்களே கேட்கலாம். கேட்பதால் எந்த டொக்டரும் குறைந்துவிட மாட்டார்.

இன்னொன்று. வெட்டிப் பார்க்கும் முன் பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். கட்டி சுருங்கும், காய்ச்சல் விடும், "சுகமாயிற்று" என்று தோன்றும். பயோப்சி முடிவோ ஒன்றும் சொல்லாமல் திரும்பி வரும். அதற்குள் நோய், இரத்தக் கலங்கள் உருவாகும் எலும்பு மச்சைக்குள் போயிருக்கலாம். எச்.ஐ.வி உள்ளவர்களில் கணிசமானோருக்கு நோய் கண்டுபிடிக்கப்படும்போதே அது அங்கே இருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

எங்கள் எச்.ஐ.வி கிளினிக்குக்கு வரும் பலர் இரண்டு கிளினிக் கொப்பி வைத்திருப்பார்கள். ஒன்றை எல்லோருக்கும் காட்டலாம். மற்றது எச்.ஐ.வி கொப்பி, அரிசி வாளிக்கு அடியிலோ, மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழோ இருக்கும். ஒருவர் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்) தன் எச்.ஐ.வி மாத்திரைகளை லேபல் உரித்த விற்றமின் போத்தலில் போட்டு வைத்திருந்தார். புற்றுநோய்ப் பிரிவில் வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு "விற்றமின்தான்" என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "தெரிஞ்சா என்ட கதை முடிஞ்சி சேர். நாளைக்குச் சந்திக்கு வரேலாது."

அவர் பயம் பொய்யில்லை. கிழக்கிலங்கையில் படுவான்கரையிலோ கல்முனைப் பக்கமோ ஒரு சின்ன ஊரில், வார்டில் வேலை செய்கிறவர் மனைவிக்குச் சொந்தக்காரராக இருப்பார். ஆனால் மருந்துக் கணக்கு வேறு. ஹொட்ஜ்கினுக்கு வழக்கமாகக் கொடுப்பது ஏபிவிடி எனப்படும் நான்கு கீமோ மருந்துகளின் கூட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேலைனோடு ஏற்றுவது. அதில் ஒன்று வின்பிளாஸ்டின். ரிட்டொனவிர் அல்லது கொபிசிஸ்டாற் உள்ள எச்.ஐ.வி மருந்து எடுப்பவருக்கு அதை ஏற்றினால், ஈரல் அதை உடைத்து வெளியேற்ற முடியாமல் அது இரத்தத்தில் தேங்கும். வெள்ளணுக்கள் அபாயமான அளவுக்கு விழும், கைகால் விறைக்கும். ஸிடோவுடின் என்ற எச்.ஐ.வி மருந்து எடுப்பவருக்கு எலும்பு மச்சை மேலும் சோர்ந்துபோகும். டொலுடெக்ரவிர் உள்ள எச்.ஐ.வி மாத்திரைக்கு இந்தத் தொல்லை குறைவு. வேண்டுமானால் கீமோ தொடங்கும் முன்னரே எங்களால் மாற்றித் தர முடியும். ஆனால் இரண்டு பக்கமும் தெரிந்திருந்தால் மட்டுமே. எச்.ஐ.வி நிலை தெரிந்தால்தான் கீமோ காலத்தில் நிமோனியாவைத் தடுக்க கோட்ரிமொக்ஸசோலும் சேர்த்துத் தருவார்கள்.

ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை. புற்றுநோய் வைத்தியர் ஒருவருக்குச் சொன்னால் போதும். வாயால் சொல்ல முடியாவிட்டால் உங்கள் எச்.ஐ.வி கிளினிக்கில் கேளுங்கள். மூடிய கடிதம் தருவோம், அல்லது நாங்களே அவருடன் பேசுவோம். மறுபக்கமாகவும் ஒன்று: ஹொட்ஜ்கின் என்று தெரிந்த எல்லோருக்கும் எச்.ஐ.வி பரிசோதனை செய்ய வேண்டும். கேட்டால் "நான் அப்படிப்பட்ட ஆளா?" என்று கோபிப்பவர்கள் உண்டு. ஆளைப் பார்த்துக் கேட்பதில்லை, நோயைப் பார்த்துக் கேட்கிறோம்.

நோய் முற்றிய நிலையில் வந்தவர்களும் குணமாகிறார்கள். எச்.ஐ.வி மருந்தும் கீமோவும் சேர்ந்து நடந்தால், எச்.ஐ.வி இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் பலனுக்கு நெருக்கமாகவே இவர்களுக்கும் கிடைக்கிறது. ஆறு மாதம் அளவு இழுபடும், முடி கொட்டும், மலம் இறுகும். புதிதாக இருமலோ மூச்சு வாங்கலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஏபிவிடியின் நான்கு மருந்துகளில் ஒன்றான பிளியோமைசின் நுரையீரலைத் தாக்கக்கூடியது.

காய்ச்சலும் அப்படித்தான். கீமோ நடக்கும் காலத்தில் 38 பாகை செல்சியஸ் தாண்டினால் பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்த்திருக்காதீர்கள், நேரே வார்டுக்கு வாருங்கள். வாகரை, பொத்துவில் போன்ற தூர ஊர்க்காரர் என்றால், முதல் கீமோவுக்கு வரும்போதே இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு ஓட்டோக்காரரைப் பேசி வைத்துவிடுங்கள். எந்த நோய் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.